நீ கொடுக்காத கோழி

இன்று காலை முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கையை விட்டேன். கறுப்புப் பெட்டை எழுந்திருக்கவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு, என் புறங்கையில் கொத்தியது. அதன் வயிற்றுக்கடியில் அனலாகக் கொதித்தது. அடைக்கு உட்கார்ந்துவிட்ட கோழியின் வாசனை உனக்குத் தெரியும். வைக்கோலும் எச்சமும் காய்ச்சல்காரியின் போர்வையும் சேர்ந்த மாதிரி ஒன்று. கையை வெளியே இழுத்துக்கொண்டேன். பிறகு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்க வேண்டும். அன்று பேனாவை எடுத்து மறுபடியும் மூடி வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு உனக்கு நினைவு ஆராதனை. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்று சார் வந்து அழைத்தார். சார் என்று நான் சொல்வது உன் வீட்டுக்காரரைத்தான். ஆபீசில் இருந்தபோதும், சபைச் செக்ரட்டரியாக இருந்தபோதும், இப்போது ஒன்றுமாக இல்லாதபோதும் அவர் நம் ஊருக்கு சார்தான்.

"டீச்சர் ரெண்டு வார்த்தை பேசணும். அவளுக்கு ஒங்களெ விட்டா வேற யாரு உண்டு?" என்றார்.

போனேன், பேசினேன். என்ன பேசினேன், அதன்பின் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் கணக்கு டீச்சர் அல்லவா, நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு விடைக்குத் தாவ எனக்கு வராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், உன் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையில் வேலைக்கு வந்த சசி மிஷின் வைத்துக் காடு வெட்டிக்கொண்டிருந்தான். நாம் இரண்டு பேரும் அடுக்களைப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் ஒருவரையொருவர் டீச்சர் என்று கூப்பிட்டோம். பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு நீ என்னை 'எட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாய். அந்த மரியாதைக் குறைவு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. புதருக்குள்ளிருந்து ஒரு பெண் மயில் சடசடவென்று எழும்பி, ரப்பர் மரங்களுக்கு மேலே போய்விட்டது.

"டீச்சரம்மா! மயிலு முட்டையாக்கும்! ஒண்ணு போச்சு, நாலு கெடக்கு. ஆம்லெட்டுக்கு ஆவும்!"

"எலே சசி, ஒனக்க நாக்கை அறுத்து அடைக்கு வைப்பேன். தொடாதெ!" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினாய். மடியிலிருந்த கீரை எல்லாம் தரையில்.

மறைவு முழுவதையும் மிஷின் வழித்தெடுத்திருந்தது. வெட்டவெளியில், வெளுத்த மண்நிறத்தில், நம் கோழி முட்டையைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக நான்கு முட்டைகள். உடைந்த ஐந்தாவதில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. தாய் வரும் என்று அன்று முழுவதும் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாய். வந்தது நாய்தான். மறுநாளும் மயில் வரவில்லை என்றதும் சேலைத் தலைப்பில் வாரிக்கொண்டு வந்துவிட்டாய். மயில் விஷயம் என்பதால் வனத்துறைக்கும் போன் செய்து சொன்னாய். "குஞ்சு பொரிச்சா விளிங்க, வந்து எடுத்துக்கிடலாம்" என்றார்களாம்.

"எல்லாம் சரி, யாரை அடை வைக்கப் போறே?" என்று நான் கேட்டேன்.

அதுதான் சிக்கல். பஞ்சாயத்திலிருந்து வாங்கிய கோழிகள் உன்னிடம் நிறைய நின்றன. அவை முட்டையிடும், எழுந்து போய்விடும், திரும்பிப் பார்க்காது. 'உத்தியோகக்காரிகள்' என்பாய் அவற்றை. "நம்மளெப் போலத்தான் எட்டி. பெத்துப் போட்டுட்டு பெல்லடிக்க முந்தி ஓடுனோமே." அடைக்கு உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு கோழி, அந்தச் செம்பட்டை நாட்டுக்கோழி. அதன் காலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. குஞ்சாக இருந்தபோதே அறுப்பின் பண்டிகைக்கு நேர்ந்துவிட்ட கோழி அது.

உங்கள் சபையின் அந்த வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். நான் கோவிலுக்கு விளக்கு வைக்கிற வீட்டுப் பெண். ஆனாலும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வராமல் இருந்ததில்லை. வீட்டுக்கு வீடு முதல் குலை, முதல் தேங்காய், நேர்ந்துவிட்ட கோழி, கன்று எல்லாம் ஆலயத்து முற்றத்துக்கு வரும். ஒவ்வொன்றையும் மேசைமேல் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார்கள். கடையில் வாங்குவதைவிடப் பல மடங்கு ஏற்றிக் கேட்பார்கள். ஏற்றிக் கேட்பதுதான் காணிக்கை. ஒருவர் கேட்டால் இன்னொருவர் விடமாட்டார். சிரிப்பும் கைதட்டலுமாக ஒரு வெண்டைக்காய்க்குக்கூடச் சண்டை நடக்கும்.

"பண்டிகைக்கு இன்னும் எம்பிடு நாள் கெடக்கு! மூணு வாரத்திலெ பொரிச்சிரும். பெறவு கோழியெ கொண்டு போனாப் போதும்" என்று சொல்லி, ஓலைக் கடவப்பெட்டியில் மணலும் வைக்கோலும் பரப்பி நான்கையும் வைத்தாய். செம்பட்டை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அலகால் ஒவ்வொன்றாக உருட்டி வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. தன்னுடையது இல்லை என்பது அதற்குத் தெரிந்ததா, தெரிந்தும் சேர்த்துக்கொண்டதா என்று அன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருந்தோம். பிற்பகல்தோறும் இடி இடித்த காலம். முட்டைக்கு அதிர்ச்சி தட்டாமலிருக்க வைக்கோலுக்குள் ஓர் இரும்பு ஆணியைச் செருகினாய். சார் பார்த்துவிட்டார்.

"இதென்ன அஞ்ஞானம்? கர்த்தரு பாத்துக்கிட மாட்டாரோ?"

"பாத்துக்கிடுவாரு. ஆணி அவருக்கு ஒரு கை ஒதவி."

அவரும் சிரித்தார். அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் சிரிக்கத் தெரியாத மனிதர் இல்லை.

மூன்று வாரம் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாம் எல்லோரும் செய்த தப்பு அதுதான். கோழிக்குக் கீழே வைத்ததால் கோழியின் கணக்கையே போட்டுவிட்டோம். நீ மறுபடியும் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது, மயில் முட்டைக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும் என்று. சுவரில் தொங்கிய காலண்டரின் முன்னால் நாம் இருவரும் நின்றோம். அறுப்பின் பண்டிகை ஞாயிறு முந்திக்கொண்டு வந்து நின்றது. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான் வித்தியாசம்.

சார் சொல்லிவிட்டார்: "கூமுட்டை. கணக்கு முடிஞ்சாச்சு. கோழியெ எழுப்பு."

நீ அவரை இருட்டறைக்குக் கூப்பிட்டாய். போன் டார்ச்சின்மேல் ஒரு முட்டையை வைத்தாய். உள்ளே காற்றுப்பை மட்டும் வெளிச்சமாகவும் மற்றதெல்லாம் கறுத்து நிறைந்தும் இருந்தது. அந்தக் கறுப்பு ஒரு தடவை அசைந்தது. நான் பார்த்தேன்.

"இங்ஙன வந்து ஒரு மட்டம் பாருங்க. உயிரு கெடந்து அனங்குது."

"எனக்குப் பாக்கண்டாம்."

அவர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஏன் பார்க்க மறுத்தார் என்று தெரியும். நேர்ந்ததைத் தள்ளிப்போடுகிறவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற செக்ரட்டரி அவர். முந்தின வருடம் கன்றை நேர்ந்துவிட்டு, "பால் குடி மறக்கட்டும், அடுத்த பண்டிகைக்குத் தாறேன்" என்று கெஞ்சிய ஒரு பெண்ணைக் கமிட்டிக்கு வரவழைத்து அழவைத்தார். இப்போது சொந்த வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்து நின்றது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் பெஞ்சில் ஏற்றிவிட்டு, தன் பிள்ளை தப்புச் செய்த அன்று அதையும் ஏற்றுகிற வாத்தியார் உண்டு. அதை நேர்மை என்று ஊர் சொல்லும். அந்தப் பிள்ளையிடம் யாரும் போய்க் கேட்க மாட்டார்கள்.

நீ ஆலயத்துக்கே போனாய். புதிதாக வந்திருந்த சின்ன வயசுப் போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "குஞ்சு பொரிச்ச பெறவு கொண்டு வாங்கம்மா. ஆண்டவருக்கு அவசரம் ஒண்ணும் இல்லெ." அதைச் சொல்லிக்கொண்டு வேலி ஓரமாக நீ வந்த வருகை இன்னும் கண்ணில் நிற்கிறது. வந்ததும் சாரிடம் சொன்னாய். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னார். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

பண்டிகை ஞாயிறு காலையில், பாலராமபுரத்து வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு முதல் ஆளாகப் போனாய். தூணுக்கெல்லாம் வாழையும் கரும்பும் கட்டுவது பெண்கள் ஐக்கியத்தின் வேலை. போகும்போது என் வீட்டு வாசலில் நின்று, "எட்டி, ஏலத்துக்கு வந்துரு. நாளைக்கோ மறுநாளோ நம்ம வீட்டிலெ மயிலாட்டம்" என்றாய். நீ போன பிறகு சார் கோழியைக் கடவத்திலிருந்து எடுத்திருக்கிறார்.

நான் முற்றத்துக்கு வந்தபோது நீ பாட்டுக்குழுவோடு நின்றுகொண்டிருந்தாய். மைக் சாரிடம். வாழைக்குலை போயிற்று, பலாக்காய் போயிற்று. அடுத்து ஒருவர் மேசைமேல் தூக்கிக் காட்டியது செம்பட்டையை. கால்கள் கட்டியிருந்தன. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து சிவந்த தோல் தெரிந்தது. முட்டைக்குச் சூடு தருவதற்காக அது தானே கொடுத்த இடம்.

நீ பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்துப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தாய். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஏலத் தொகையைச் சொன்னாய். சார் மைக்கில் சிரித்தார்.

"வீட்டுக்காரியே வீட்டுக் கோழியெ கேக்கிறா! யாரெங்கிலும் உண்டா, இல்லே எங்க கோழி எங்க வீட்டுக்கே வருமா?"

முற்றம் முழுவதும் சிரிப்பு. யாரோ ஏற்றிக் கேட்டார். நீ அதற்கு மேல் கேட்டாய். இன்னொருவர் ஏற்றினார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் பர்ஸை உன் கையில் வைத்தேன். நீ இன்னும் ஏற்றினாய். "எனக்கு அந்தக் கோழி வேணும்" என்று வாய்விட்டே சொன்னாய். கைதட்டினார்கள்! செக்ரட்டரியின் மனைவி எவ்வளவு உற்சாகமாகக் காணிக்கையை உயர்த்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். வேறு ஊராக இருந்தால் ஒரு பெண் இப்படி ஒரு பொருளைக் கேட்டால் அவளுக்கு அது தேவை என்று புரிந்துகொண்டு விட்டுக்கொடுப்பார்கள். இங்கே விட்டுக்கொடுப்பது ஆண்டவருக்குக் குறைவு. நீ விடாமல் கேட்கக் கேட்க அவர்களும் விடவில்லை. கடைசியில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் ஒரே தாவாகத் தாவினார். உன் கையிலும் என் கையிலும் அதற்கு மேல் இல்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நாம் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் கோழி இல்லை.

"அக்கா, ஒங்களெத் தோப்பிச்சாச்சு!" என்று சந்தோஷமாகச் சொன்னார். "கோழி அன்பின் விருந்துக்கு. எனக்க வக. அடுக்களைக்குக் கொடுத்து விட்டாச்சு."

அடுக்களை ஆலயத்துக்குப் பின்புறம். வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் செம்பட்டை இறகு கிடந்தது. நீ நின்றாய். குனிந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்தாய். அதை என்ன செய்வதென்று தெரியாதவளைப் போல மறுபடியும் அங்கேயே போட்டுவிட்டாய்.

அன்று மாலை சார் வீட்டுக்கு வந்து சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "சாரமில்லெ, போனாப் போவுது. வேற அடைக்கோழி கெடைக்காதா?" நீ அவருக்குச் சோறு போட்டாய். அதன்பின் உன் வீட்டில் எந்தக் கோழியும் அடை உட்காரவில்லை. நாட்டுக்கோழி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாய். உத்தியோகக்காரிகளை மட்டும் வைத்துக்கொண்டாய். பாட்டுக்குழுவில் தொண்டை சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டாய். சாரோடு நீ சண்டை போடவும் இல்லை. காப்பி கொடுத்தாய், மாத்திரை எடுத்துக் கொடுத்தாய், காரோடு ஊரில் அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குச் சேர்ந்தே போனாய். என்னிடம் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினாய். நெய்யாற்றின்கரைக்கு ரத்தம் பரிசோதிக்கப் போன அன்று, பஸ் அமரவிளைப் பாலத்தில் ஏறியபோது, கேட்காமலே சொன்னாய்:

"நான் அதெக் குடுக்கல்லெ எட்டி. எடுத்ததாக்கும்."

ஆராதனையில் சார் பேசியதை இனி எழுதலாம்.

உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று நன்றாகத்தான் தொடங்கினார். உன் பொறுமை, உன் பாட்டு, பிள்ளைகளிடம் உனக்கிருந்த பிரியம். பிறகு கோழிக்கு வந்தார். "அடை இருந்த கோழியெக்கூட அவ ஆண்டவருக்குக் கொடுத்தா. கூட்டிலெ மயிலு முட்டெ. ரெண்டு நாளு பொறுத்தா பொரிச்சிரும். ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததாக்கும்னு கொடுத்தா. கொடுத்தது மட்டுமில்லெ, ஏலத்திலெ தானே நிண்ணு வெலையெ ஏத்திவிட்டா. நீங்க எல்லாரும் கண்டீங்களே!"

கண்டவர்கள் தலையாட்டினார்கள். ஆமென் என்றார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் அன்றைக்கு எடுத்தார். அப்புறம் வருடம் வருடமாக, யாரும் கேட்காமலே, கொஞ்சம் கொஞ்சமாக அதை உன் கையில் மாற்றி வைத்துவிட்டார். இப்போது அவருக்கு அது நீ கொடுத்ததுதான். முட்டைக்குள் உயிர் இருந்ததைக்கூட இப்போது ஒப்புக்கொள்கிறார். உன் தியாகம் பெரிதாகத் தெரிய அந்த உயிர் அவருக்குத் தேவைப்படுகிறது.

என் முறை வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொன்னேன். ஒரு பிள்ளையின் பெட்டியிலிருந்து பக்கத்துப் பிள்ளை பென்சிலை எடுத்து டீச்சருக்குக் கொடுத்தால், டீச்சர் யாருக்கு நன்றி சொல்வது? பென்சில் போன பிள்ளை அழுதுகொண்டு பின்னால் வருகிறது. அதைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு தாராள மனசு" என்று வகுப்பு கைதட்டினால் அது என்ன நியாயம்? அவள் அந்தக் கோழியைக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தார்கள். திரும்ப வாங்கத்தான் ஏலம் கேட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

சார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"சாரமில்லெ. டீச்சருக்கும் வயசாச்சு. ஓர்மையெல்லாம் ஒண்ணுக்குள்ளே ஒண்ணு கலந்து கெடக்கும். அவமேலெ உள்ள பாசமாக்கும் இப்பிடி பேச வைக்குது."

எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். பழைய மாணவி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்து, "டீச்சர் இரிங்க, தலைசுத்தப் போவுது" என்று உட்கார வைத்தாள். டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடித்தேன். வேறு என்ன செய்வது? இனி வருடாவருடம் அந்த நாளில் நீ அந்தக் கோழியைக் கொடுத்துக்கொண்டே இருப்பாய். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

அங்கே நான் சொல்லாத ஒன்று உண்டு. சொல்லியிருந்தால் அதற்கும் ஆமென் சொல்லியிருப்பார்கள்.

அன்று ஆலயத்திலிருந்து நாம் ஓட்டமும் நடையுமாக உன் வீட்டுக்கு வந்தோம். கடவத்தில் முட்டைகள் திறந்து கிடந்தன. தொட்டால் கல் மாதிரிக் குளிர்ந்திருந்தன. நீ ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாய். பிறகு அதை என் காதில் வைத்தாய். உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு தட்டல். பிறகு மெல்லிய ஒரு கீச்சு. ஓட்டை உடைக்கும் முன்னே அவை உள்ளிருந்து கூப்பிடும், அடைக்கோழி பதில் சொல்லும், அந்தப் பதிலைக் கேட்டுத்தான் உடைக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நான் பல்பை மாட்டினேன், தவிட்டை வறுத்துத் துணியில் கட்டிச் சூடு வைத்தேன். நீ அந்த வெள்ளைச் சேலையோடு தரையில் முழங்காலிட்டு, கடவத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து, அடித்தொண்டையில் கொக், கொக், கொக் என்று கூப்பிடத் தொடங்கினாய். உள்ளிருந்து பதில் வந்தது. பாட்டுக்குழுவில் உயர்ந்த சுரம் பாடுகிற தொண்டை அது. அன்று பிற்பகல் முழுவதும் கோழியாக இருந்தது. முதலில் மூன்று பேர் பதில் சொன்னார்கள். பிறகு ஒருத்தர். விளக்கு வைக்கும் நேரத்தில் அதுவும் நின்றது. நீ நிறுத்தவில்லை. சார் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை.

அந்தக் குரலுக்குக் காது கொடுத்தது நானும் அந்த முட்டைகளும்தான். அவை போய்விட்டன, நீயும் போய்விட்டாய். என் நினைவில் எது எதோடு கலந்துபோனாலும் அந்தக் குரல் எதோடும் கலக்காமல் இருக்கிறது. கொடுத்துவிட்டு வந்தவள் அப்படிக் கூப்பிட மாட்டாள்.